தோரணத்து ஆணி

போன வாரம் படாளத்து வீட்டிலிருந்து பட்டறைக்கு வந்து உங்களிடம் ஓர் ஆணியைக் கேட்டேன். பட்டறை அலமாரியின் மேல்தட்டில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்திருந்தேன். அதற்குள் இருந்தது அந்த ஓர் ஆணி மட்டும்தான். டப்பா அங்கேயே இருக்கிறது. ஆணியைக் காணோம்.

"ஒரு ஆணிக்கா அண்ணாத்த படாளத்துலர்ந்து பஸ் ஏறி வந்தே?" என்றான் உங்களில் ஒருவன்.

"கடைல ஒரு கிலோ வாங்கித் தரோம், எட்துகினு போ" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.

நாலு பேர் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. உங்களோடு இத்தனை வருடம் வேலை செய்தும் நான் பேசியது குறைவு. முதுகு விட்டுப்போய் வேலையை விட்ட அன்று கழுத்தில் மாலை போட்டுப் பேசச் சொன்னீர்கள். அன்றும் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை, நடுவில் யாரும் சிரிக்க முடியாது. நான் அஞ்சாவதோடு நின்றவன். என் மகள் பிழை திருத்திக் கொடுத்திருக்கிறாள். கடைசி வரை படியுங்கள். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

அந்த ஆணி என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு மனிதரைச் சொல்ல வேண்டும். நான் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அதுவே இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கறுப்புக் கார் ஒன்று நம் செங்கல்பட்டுப் பட்டறைக்குள் வந்தது. உருண்ட பானெட், வட்ட விளக்குகள், கப்பலில் வந்து இறங்கிய காலத்து வண்டி. ஓட்டி வந்தவர் கதவைத் திறந்து முதலில் ஒரு கைத்தடியை வெளியே நீட்டினார். அதன் பிறகு ஒரு கட்டைக் கால் வந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவர் பட்டாளத்தில் வண்டிகளைப் பார்க்கும் பிரிவில் இன்ஜினியராக இருந்தவர். எல்லையில் கண்ணிவெடியில் காலை விட்டுவிட்டு வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் வீடு கட்டிக் குடியிருந்தார். இடது கால் இல்லாமல் கிளட்ச்சை எப்படி மிதிக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஸ்டியரிங் பக்கத்தில் கையால் இழுக்கிற லிவர் ஒன்று இருந்தது. அவரே வரைந்து, அவரே அறுத்து, அவரே பற்றவைத்தது.

"என்ன ஏழுமலை, முறைச்சுப் பாக்கற? தட்டிப் பாரு" என்றார். என் சட்டையில் பெயர் தைத்திருந்தது, அதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

லிவரைத் தட்டிப் பார்த்தேன். மணி மாதிரிச் சத்தம் வந்தது.

கார் என்றால் அவருக்கு உயிர். கடலோர உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று தினமும் சாயங்காலம் காருக்கு அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவார். "மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இன்னா சார் காருக்குக் குளியல்?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். "நீங்க உப்புல ஊறினா கருவாடு ஆவீங்க, நல்ல விலைக்குப் போவீங்க. இது ஆகாதே" என்பாராம். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி, "உங்களால நல்லா நடக்க முடியுமா?" என்று கேட்டாராம். "நடக்க முடிஞ்சா கார் எதுக்கு?" என்று சார் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம் தானே முதலில் சிரிப்பார்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு வண்டியை முடித்துவிட்டு "ஓடுது சார்" என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "ஓடறது பெரிசில்ல. நிக்குதா?" என்பார். வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அது நிற்குமா என்பதுதான் என்று நான் உங்களிடம் சொல்லிச் சொல்லி வெறுப்பேற்றினேனே, அந்தப் பேச்சு அவருடையது.

அவர் லிவரைப் பார்த்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு கால் சூம்பியவர்கள், விபத்தில் இடது காலை இழந்தவர்கள். ஒவ்வொருவர் உயரத்தையும் கை நீளத்தையும் அளந்து சார் வரைந்து கொடுப்பார், நான் பற்றவைப்பேன். எல்லாமே கிளட்ச் லிவர்தான். பிரேக்கை அவரவர் வலது காலால் மிதித்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஜபார் பாய் வந்தார். செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் வராது. கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் பட்டறை வாசலுக்கு வந்து நின்றார்.

"சார், கிளட்ச்சுக்குக் கம்பி செஞ்சி குடுக்கறீங்களாமே. எனக்கு பிரேக்கும் கையாலதான் புடிக்கணும்."

"பிரேக்ல நான் கை வைக்கறதில்ல பாய்."

"ஏன் சார்?"

"கிளட்ச் போனா வண்டி நடு ரோட்டுல நிக்கும். பிரேக் போனா நிக்காது."

பாய் தன் மூன்று சக்கர வண்டியைத் தட்டிக் காட்டினார். "லாரி போற ரோட்டுல தெனம் இதுல போய்கினு வந்துகினு கீறேன். இதுல பிரேக் கீதான்னு இன்னிக்கி வரிக்கும் ஒரு ஆள் கேட்டிருப்பானா? கார்ல போறேன்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் என் உசுரு மேல அக்கறை வருது."

சார் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. பாய் விடவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்து நிற்பார். சார் வந்திருந்தால் அவரிடம் கேட்பார், இல்லாவிட்டால் என்னிடம், "உங்க சாரு மனசு எறங்கிச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். பல மாதம் கழித்து ஒரு நாள் சார் ஒரு வரைபடத்தோடு வந்தார். அதில் கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும் கைக்கு வந்திருந்தன. பிரேக்குக்கு, லிவரிலிருந்து ஓர் இரும்புக் கம்பி இறங்கி பெடலைப் பிடிக்கும். லிவரும் கம்பியும் சேருகிற இடத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பெரிய பின். அந்தப் பின் கழன்று விழாமல் இருக்க அதன் நுனியில் ஓட்டை போட்டு ஒரு காட்டர் பின். காட்டர் பின் உங்களுக்குத் தெரியும். இரண்டு கால் உள்ள சின்னக் கம்பி. ஓட்டையில் நுழைத்து இரண்டு காலையும் ஆளுக்கொரு பக்கம் விரித்துவிட்டால் எந்த அதிர்வுக்கும் வெளியே வராது.

பூட்டி முடித்ததும் சார் முதலில் தானே ஓட்டிப் பார்த்தார். நல்ல காலையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் சாலை இறக்கத்தில் திரும்பத் திரும்பப் போய் நிறுத்தினார். கூட நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் திருப்தி வந்த பிறகுதான் சாவி பாயிடம் போனது. "இதை எதுக்காகக் கழட்டினாலும் ஏழுமலைதான் திரும்ப மாட்டணும். வேற கை படக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் பொண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனார். திங்கட்கிழமை கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டார். "இன்னா சார் இது, கடலு நம்ம ஊர்லர்ந்து இம்மாம் கிட்டயா கீது? எங்க அத்தா என்னைத் தூக்கினு போனப்ப எவ்ளோ தூரமா இருந்துச்சி!" என்றார். சார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பானெட்டைத் துடைத்தார். நல்லதாக நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மீதி எல்லாம் வேறு மாதிரி.

கடலுக்குப் போய் வந்து போய் வந்து பாய் காரின் தரைத் தகடு துரு பிடித்தது. நம் பட்டறையில் டிங்கரிங் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வேறொரு பட்டறையில் விட்டார். அவர்கள் தகடு மாற்றுவதற்காக லிவரைக் கழற்றினார்கள். மாட்டுவதற்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்று பாய் சொல்லித்தான் விட்டிருந்தார்.

வேலை முடிந்த நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஒரு பட்டறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிகளை எல்லாம் அனுப்பிவிட்டுத் தரையைக் கழுவி, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்க வேண்டும். அடுக்கிவிட்டால் மறுநாள் வரை எடுக்கக் கூடாது. வாசலில் கலர் பேப்பர் தோரணம் கட்டியாகிவிட்டது, பூசணிக்காய் வந்துவிட்டது, கடைசி வண்டியாக பாயின் கார் நிற்கிறது. என்னைக் கூப்பிடாமல் அவர்களே லிவரை மாட்டினார்கள். பழைய காட்டர் பின்னின் கால் கழற்றும்போதே ஒடிந்திருந்தது. ஸ்பேர் கடைகள் அடைத்தாகிவிட்டது. மெக்கானிக் கையை நீட்டி, தோரணம் கட்டியிருந்த ஆணிகளில் ஒன்றைப் பிடுங்கினான். ஓட்டையில் விட்டான். கச்சிதமாக நுழைந்தது. நுனியை ஒரு பக்கமாக மடக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பூஜைக்குப் போனான்.

அது சில நாள் தாங்கியது. அதே திருக்கழுக்குன்றம் சாலை இறக்கத்தில், சைக்கிளில் கேன் கட்டிப் போய்க்கொண்டிருந்த பால்காரர் ஒருவருக்குப் பின்னால் பாய் பிரேக்கை இழுத்தார். லிவர் மட்டும் கையோடு வந்தது. பாய் ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் மோதினார். அதற்கு முன்பே சைக்கிள் காருக்கு அடியில் போய்விட்டது. பாய்க்கு நெஞ்சில் அடி. பால்காரருக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது.

மறுநாள் காவல் நிலையத்துக்கு சார் வந்தார், நானும் போனேன். அவரை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். காரைப் பார்க்க என்னை விட்டார்கள். நான் உள்ளே தலையை விட்டுத் தேடினேன். தரை விரிப்பின் மேல் பெரிய பின் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஆணி கிடந்தது. கட்டைவிரல் நீளம். நுனியில் ஒரு மடிப்பு. தலையில் சிவப்புக் கலர் பேப்பர் ஒட்டியிருந்தது, கொஞ்சம் நூலும். எங்கிருந்து வந்த ஆணி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அறைக்குள் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. சப் இன்ஸ்பெக்டர், வண்டியைச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர், இன்னும் யாரோ. வாழ்நாளில் அப்படிப்பட்ட இடத்தில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். "சார், காட்டர் பின்னு போட வேண்டிய எடத்துல எவனோ ஆணி போட்டுக்கீறான் சார். இதோ. எங்க சாரு வேலைல ஒரு தப்பும் இல்ல" என்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"ஏழுமலை, அதைப் பாக்கெட்ல போடு" என்றார் சார்.

"சார், இது..."

"போடு."

போட்டேன். அவர் அவர்கள் பக்கம் திரும்பினார். "மாட்டுறவன் கைக்கு என்ன கிடைக்குதோ அதைத்தான் போடுவான். அந்த ஓட்டைல ஆணி நுழையும்னு வரையும்போது எனக்குத் தோணியிருக்கணும். தோணல. வரைஞ்சது நான். என் பேரை எழுதிக்குங்க."

அவர்களுக்கும் வேலை சுலபமாகப் போயிற்று. எழுதிக்கொண்டார்கள்.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும், எவ்வளவு பெரிய மனுசன் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவர் தன் தலையில் மட்டும் போட்டுக்கொண்டதாக நினைத்தார். நடந்தது என்ன? அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிகள் என்று அவர் செய்து கொடுத்த லிவர்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். அவருடைய லைசென்சும் போனது. கழற்றியது நான்தான். என் கையால் பற்றவைத்ததை என் கையாலேயே அறுத்தேன். அந்த லிவர்களில் ஒன்றில்கூடக் குறை இல்லை.

பாய் பழையபடி மூன்று சக்கர வண்டிக்கு வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்து சாரிடமே கேட்டார். "தப்பை ஒத்துக்கினீங்க சார், உங்க மனசு லேசாயிடுச்சி. ஆணி போட்டவன் ஜோரா கடை நடத்திகினு கீறான். நடுவுல என் வண்டி ஏன் சார் போச்சு?" பாய் அதற்குப் பிறகு வரவில்லை.

பால்காரரைப் பார்க்க சார் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தான் யார் என்று சொன்னார். பால்காரர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நொண்டிக்கெல்லாம் வண்டி செஞ்சி குடுக்கற சாரு நீதானா? இப்ப நானும் நொண்டிதான். என் வண்டி எங்க?"

"ஆமாம்" என்றார் சார். எதற்கு ஆமாம் என்று தெரியவில்லை. கார் ஓட்ட முடியாததால், கட்டைக் காலோடு பஸ் ஏறி, பால்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு போகிற வரை வாராவாரம் வந்து பார்த்தார். பால்காரர் ஒரு தடவைகூட உட்காரச் சொல்லவில்லை. சாரும் உட்காரவில்லை.

ஆணி போட்டவனை நான் போய்க் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. மறைக்க அதில் ஒன்றும் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. "பூஜைக்கு நேரமாய்ட்ச்சி அண்ணாத்த. கடை எல்லாம் மூடிட்டான். அந்த ஆளு வேற வண்டி வேணும் வண்டி வேணும்னு பேஜாரு பண்ணிகினு இருந்தாரு. ஒரு ஆணிதானே? எத்தினி வண்டிக்குப் போட்டுக்கீறோம், ஒண்ணும் ஆவலியே" என்றான். இன்று அவனுக்குப் பெரிய பட்டறை, கண்ணாடி ஆபீஸ். ஆயுத பூஜைக்குத் தெரு முழுக்கப் பொரி கொடுக்கிறான். நீங்களும் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள்.

சில வருடம் கழித்து சார் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நிறைய இளைத்திருந்தார். மேசையின் மேல் லிவரும் கம்பியும் சேருகிற இரும்பு மூட்டு ஒன்றை எடுத்து வைத்தார். காட்டர் பின்னே தேவையில்லாத மூட்டு. பெரிய பின்னை ஒரு பக்கம் சாய்த்து நுழைத்துத் திருப்பினால் தானே பூட்டிக்கொள்ளும். அதற்கென்று செய்த பின்னைத் தவிர வேறு எதுவும் நுழையாது.

"இப்போ ஆணி போடு பாக்கலாம்" என்றார். குழந்தை மாதிரி இருந்தது முகம்.

நான் போட்டுப் பார்த்தேன். நுழையவில்லை. போல்ட் நுழையவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையும் நுழையவில்லை. நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக எனக்குள் ஒரு கோபம். இது உங்கள் குறை இல்லை சார், எங்கள் கையின் குறை என்று அவர் ஒருமுறையாவது ஒத்துக்கொள்ள வேண்டும். சாரின் பின்னை ஓரமாக வைத்தேன். கட்டுக்கம்பி ஒரு முழம் வெட்டினேன். மூட்டைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி, ஆட்டிக் காட்டினேன். இறுக்கமாக நின்றது.

"நாளைக்கு இந்தப் பின்னு தொலைஞ்சா இதைத்தான் சார் செய்வோம். இதுவும் கொஞ்ச நாளு ஓடும்" என்றேன்.

அவர் கம்பியைத் தடவிப் பார்த்தார். "அப்போ முடியாதுங்கற."

"வரையறவரால முடியாது சார். மாட்டறவன்தான் செய்யணும்."

அவர் ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். கம்பியைக்கூடப் பிரிக்காமல் மூட்டை அப்படியே பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "நீ சொல்றது சரின்னா அது இன்னும் மோசம் இல்லையா, ஏழுமலை?" என்றார். பஸ்ஸுக்குப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

கார் அவர் வீட்டு வாசலிலேயே நின்றது. அடியில் தண்ணீர் அடிப்பதை அவர் நிறுத்திவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அவர் இறந்த பிறகு யார் யார் கைக்கோ மாறி, இப்போது கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் வாசலில் நிற்கிறது. இன்ஜினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண் கொட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பெயின்ட். வருகிறவர்கள் அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். லிவர் இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. என்ன ஓட்டை என்று கேட்க யாரும் இல்லை.

ஆணி என் பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு பிஸ்கட் டப்பாவுக்குப் போனது. தூக்கி எறிந்தால் யாராவது எடுத்து எங்காவது போடுவார்கள் என்று பயந்துதான் அதை வைத்திருந்தேன். வேலையை விட்ட அன்று, கழுத்தில் மாலையும் சுற்றிலும் கூட்டமுமாக இருந்ததில், அதை எடுத்துக்கொள்ள மறந்தேன்.

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஓர் ஆயுத பூஜை வந்து போயிருக்கிறது. பட்டறையில் யாரும் ஆணியைக் குப்பையில் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கட்டைவிரல் நீளம். நுனியில் ஒரு மடிப்பு. தலையில் சிவப்புக் கலர் பேப்பர் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

அந்த ஆணி எனக்கு வேண்டாம். எடுத்தவன் யார் என்றும் கேட்கவில்லை, யார் என்று தெரிந்தாலும் திட்ட மாட்டேன். எந்த வண்டி என்று மட்டும் சொல்லுங்கள்.